ரெண்டாம் பாகம் எனக்குப் பிடிச்சது, பாதி விமர்சகர்களுக்குப் பிடிக்கல: என் ரசனை தப்பா சார்?

கேள்வி: சார், நான் காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன். ஒரு சூப்பர்ஹீரோ படத்தோட ரெண்டாம் பாகத்தை முதல் நாளே பார்த்தேன். முதல் பாகக் கடைசில ஹீரோவோட நண்பன் செத்துப்போயிடுவான், இதுல முதல் பாதி முழுக்க ஹீரோ அந்த இழப்புல இருந்து வெளிய வர முடியாம தவிக்கிறான், சக்தி இருந்தும் யாரையும் காப்பாத்தப் போக மாட்டேங்கறான். எனக்கு கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. வெளிய வந்த உடனே "முதல் பாகத்தை விட பெஸ்ட்"னு போஸ்ட் போட்டேன். அப்புறம் பார்த்தா ரிவ்யூ எல்லாம் பாதிக்குப் பாதி. ஒருத்தர் மாஸ்டர்பீஸ்ங்கறார், இன்னொருத்தர் தூக்கம் வருதுங்கறார், ஸ்கோர் 55 சதவீதம். ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க. கிடைச்ச ரிவ்யூ எல்லாத்தையும் படிச்சுட்டு ரெண்டாவது தடவை போனேன், குறை மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. அப்ப முதல் தடவை எனக்குப் பிடிச்சது பொய்யா? யாரை நம்புறது? அந்த போஸ்ட்டை டெலிட் பண்ணிடட்டுமா?

பதில்:

தம்பி, உங்க லெட்டர் இன்னும் நீளமா இருந்தது, சுருக்கிதான் மேல போட்டிருக்கேன். படத்தோட பேரையும் எடுத்துட்டேன். பேர் தெரிஞ்ச அடுத்த நிமிஷமே படிக்கிறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு உட்கார்ந்துடுவாங்க, உங்க கேள்வி அந்தச் சண்டையில காணாம போயிடும். இது எந்த ரெண்டாம் பாகத்துக்கும் பொருந்துற கேள்விதான். டெலிட் பண்ணாதீங்கன்னு முதல்லயே சொல்லிடறேன், ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல அந்த 55ஐ எடுத்துக்குவோம், உங்களை இவ்வளவு அலைக்கழிச்சது அந்த நம்பர்தானே. விமர்சனங்களைத் திரட்டிக் காட்டற ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல வர சதவீதம் படத்துக்கு விழுந்த மார்க் கிடையாது. விமர்சனம் எழுதினவங்கள்ல எத்தனை பேர் மொத்தத்துல பார்க்கலாம்னு சொன்னாங்கங்கற கணக்கு அது. ஒரு ரிவ்யூவை நல்லாருக்கு, நல்லால்ல அப்படினு ரெண்டே டப்பால ஏதாவது ஒண்ணுல போட்டுடுவாங்க. அஞ்சுக்கு மூணு குடுத்து "பரவால்ல, ஒரு தடவை பார்க்கலாம்"னு முனகினவரும் நல்லாருக்கு டப்பாலதான் போவார், அஞ்சுக்கு அஞ்சு குடுத்து ஆடினவரும் அதே டப்பாதான். அதனால நூறு பேர் நூறு பேருமே பத்துக்கு ஆறுனு சொன்ன ஒரு சுமாரான படம் 100 சதவீதம் வாங்கலாம், அம்பது பேர் பத்துக்குப் பத்து போட்டு அம்பது பேர் நாலு போட்ட படம் 50 வாங்கி அழுகின தக்காளி முத்திரையோட நிக்கும், ஏன்னா 60க்கு கீழ போனாலே அந்த முத்திரைதான். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, ரெண்டாவது படத்தோட சராசரி ஏழு, முதல் படத்தை விட அதிகம். அதே வேலையைச் செய்யற இன்னொரு தளம் மெட்டாக்ரிட்டிக், அவங்க வேற மாதிரி பண்றாங்க, ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் நூத்துக்கு ஒரு மார்க் போட்டு, சில பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை குடுத்து சராசரி எடுக்கறாங்க. அதுலயும் 40ல இருந்து 60 வரைக்கும் ஒரே மஞ்சள் கலர்தான். எல்லாருமே சுமார்னு சொன்ன படமும் அங்கதான் இருக்கும், ஜனம் ரெண்டா பிளந்துகிட்ட படமும் அங்கதான் இருக்கும். ஆனா அதே பக்கத்துல எத்தனை ரிவ்யூ பச்சை, எத்தனை மஞ்சள், எத்தனை சிவப்புனு தனித்தனியா காட்டுவாங்க, நான் எப்பவும் முதல்ல பார்க்கறது அந்தப் பட்டையைத்தான். மஞ்சள் மட்டும் நீளமா இருந்தா படத்துல பேச ஒண்ணும் இல்லைனு புரிஞ்சுக்குவேன். பச்சையும் சிவப்பும் ரெண்டு பக்கமும் நீண்டு நடுவுல மஞ்சள் சின்னதா இருந்தா அந்தப் படத்தை அன்னிக்கே போய் பார்த்துடுவேன், ஏன்னா எங்கயோ ஒரு டைரக்டர் ஒரு முடிவை துணிஞ்சு எடுத்திருக்கார், அந்த முடிவு சிலருக்கு உள்ள இறங்கியிருக்கு, சிலருக்குத் தொண்டையிலயே நின்னுடுச்சு.

நீங்க சொல்ற படம் ரெண்டாவது வகை. அது எனக்கு எப்படித் தெரியும்னா நீங்க அனுப்பின ரெண்டு விமர்சனத்தையும் முழுசா படிச்சேன். ரெண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பேசறாங்க. "ஒரு மணி நேரம் ஹீரோ எதுவுமே பண்ணாம வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்கறான்"னு ஒருத்தர் குறையா எழுதறார், "துக்கத்துக்கு இவ்வளவு நேரம் குடுத்த சூப்பர்ஹீரோ படம் அபூர்வம்"னு இன்னொருத்தர் பாராட்டறார். நடந்த விஷயம் ஒண்ணுதான், ரெண்டு பேருமே அதைச் சரியாத்தான் பார்த்திருக்காங்க, பொய் சொல்லல. ஒருத்தர் போனது சண்டை பார்க்க, இன்னொருத்தர் போனது அந்த ஆளைப் பார்க்க. இந்த மாதிரி இடத்துல யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ல முடியாது தம்பி, நீங்க எதுக்காகப் போனீங்கங்கறதை மட்டும்தான் கேட்டுக்க முடியும், அதுக்கு உங்க கண்ணீரே பதில் சொல்லிடுச்சு.

ஆனா அதே ரெண்டு விமர்சனத்துல இன்னொரு விஷயமும் இருக்கு, அது உங்க கண்ணுக்குத் தப்பிடுச்சு. திட்டினவர் கிளைமாக்ஸ் யுத்தத்தை ஒரு பாரா முழுக்க கிழிச்சுத் தொங்க விட்டிருக்கார், யார் எங்க நிக்கறாங்கனே தெரியல, எல்லாம் ஒரே சாம்பல் புகை, ஜெயிச்சாலும் தோத்தாலும் என்ன ஆகும்னு புரியலைனு. மாஸ்டர்பீஸ்னு சொன்னவர் அதே கிளைமாக்ஸை ஒரே வரில தாண்டிப் போயிட்டார், "கடைசி அரை மணி நேரம் வழக்கமான பாதையில போனாலும்"னு. பாராட்டறவரே ஒரு இடத்துல வேகமா நகர்ந்துட்டார்னா அங்க உண்மையாவே ஏதோ சரியில்லைனு எடுத்துக்கலாம், அங்க ரெண்டு கட்சிக்கும் ஒரே கருத்துதான். இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க லெட்டரை திரும்பப் படிச்சுப் பாருங்க. முதல் பாதியைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க, அந்த நண்பனோட பழைய வாய்ஸ் மெசேஜை ஹீரோ திரும்பத் திரும்ப கேக்கற சீனை மட்டும் ஒரு பாரா. கிளைமாக்ஸ் பத்தி ஒரு வரி, ஒரே ஒரு வரி கூட இல்ல. உங்களுக்கும் அது பிடிக்கல தம்பி, பிடிக்கலைங்கறது கூட பதியாத அளவுக்கு அது உங்களைத் தொடாம போயிருக்கு. ஆக முதல் நாளே உங்க மனசு சரியாத்தான் பிரிச்சு வெச்சிருந்தது, "பெஸ்ட்"னு ஒரே வார்த்தையில எழுதினப்பதான் அந்தப் பிரிவு காணாம போச்சு.

சூப்பர்ஹீரோ படத்துக்கு ரெண்டாம் பாகம்னு வந்தாலே ஏன் இப்படிப் பிளவு வருதுங்கறதுக்கு காரணம் இருக்கு. முதல் பாகத்துல சாதாரண ஆளுக்கு சக்தி கிடைக்கும், அதை அவன் கத்துக்குவான், விழுவான், எழுவான், முதல் தடவை பறப்பான், இந்த சந்தோஷம் எல்லாம் கதையோட அமைப்புலயே வந்துடும், டைரக்டர் சுமாரா எடுத்தா கூட பாதிக்கிணறு தாண்டிடலாம். ரெண்டாம் பாகத்துல அது எதுவும் கிடையாது. ஆள் ஏற்கனவே பறக்கறான். அப்ப டைரக்டருக்கு ரெண்டே வழி. அதையே இன்னும் பெருசா, ரெண்டு வில்லனா மூணு வில்லனா போட்டு எடுக்கலாம், "புதுசா என்ன இருக்கு"னு விமர்சகர் கேப்பார். இல்ல வேற படமாவே எடுக்கலாம், "எங்களுக்குப் பிடிச்சதை ஏன் மாத்தினீங்க"னு ரசிகர் கேப்பார். இதுக்கு மேல தொடர் படங்களா வர்ற உலகமா இருந்தா அடுத்து வரப்போற படத்துக்கு அஸ்திவாரம் போடற சீன்களையும் இதுக்குள்ள திணிக்கணும். ரசிகருக்கு அது அடுத்த எபிசோடுக்கான குறிப்பு, விசில் அடிப்பார். அந்த ஒரு படத்தை மட்டும் பார்க்க வந்தவருக்கு கதை பத்து நிமிஷம் நின்னு போச்சு. அவங்க ரெண்டு பேரும் எழுதறது ஒரே மாதிரி இருக்கவே முடியாது.

1992ல டிம் பர்ட்டன் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' எடுத்தப்ப நடந்ததை யோசிச்சுப் பாருங்க. 1989ல வந்த முதல் பாகம் பெரிய ஹிட். ரெண்டாவதுல அவர் இன்னும் இருட்டா, இன்னும் விசித்திரமா, பேட்மேனை விட வில்லன்களோட தனிமையில அதிக நேரம் செலவு பண்ணி எடுத்தார். விமர்சகர்கள் பிரிஞ்சாங்க, இது குழந்தைங்களுக்கான படமானு பெத்தவங்க கிட்ட இருந்து புகார், அந்தப் படத்து பொம்மையோட குழந்தைங்க சாப்பாடு வித்துகிட்டு இருந்த மெக்டொனால்ட்ஸுக்கும் அந்த சூடு போச்சு, வசூல் முதல் பாகம் அளவுக்கு வரல. ஸ்டுடியோ அடுத்த படத்தை ஜோயல் ஷூமாக்கர் கைல குடுத்து கலர்ஃபுல்லா எடுக்க வெச்சுது, அது 1995. இன்னிக்கு பேட்மேன் படங்களை வரிசைப்படுத்தற நிறைய பேர் ரிட்டர்ன்ஸை உச்சில வெக்கறாங்க. அன்னிக்கு குறைனு எழுதினது, இன்னிக்கு பாராட்டா எழுதறது, ரெண்டும் ஒரே இருட்டுதான்.

இதைப் படிச்சுட்டு உடனே "அப்ப என் படமும் முப்பது வருஷம் கழிச்சு கொண்டாடப்படும்"னு கிளம்பிடாதீங்க. பிளவு வந்த படம் எல்லாம் புரிஞ்சுக்கப்படாத காவியம் இல்ல. 2019ல வந்த 'ஜோக்கர்' வெனிஸ் திரைப்பட விழால உச்ச விருதான தங்கச் சிங்கம் வாங்கி, 100 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணின படம், 2024ல அதோட ரெண்டாம் பாகம் பாட்டும் கோர்ட்டுமா வந்தப்ப விமர்சகர்ல பெரும்பாலானவங்களுக்கும் பிடிக்கல, சினிமாஸ்கோர்ல பார்வையாளர்கள் குடுத்த கிரேடு டி. சினிமாஸ்கோர்ங்கறது 1979ல இருந்து நடக்கற கணக்கெடுப்பு, முதல் நாள் தியேட்டருக்கு வந்தவங்க கிட்டயே கார்டு குடுத்து ஏ பிளஸ்ல இருந்து எஃப் வரைக்கும் கிரேடு கேப்பாங்க. முதல் நாளே ஓடி வர்றவங்க ஏற்கனவே ஆசையோட வர்றவங்கதானே, அவங்க தாராளமாத்தான் போடுவாங்க, அவங்களே டி போட்டா அது பெரிய அடி. அதே மாதிரி 2016ல 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' வந்தப்ப அமெரிக்கா கனடால முதல் வாரக் கடைசி மட்டும் சுமார் 16 கோடியே 60 லட்சம் டாலர், கிரேடு பி, சூப்பர்ஹீரோ படத்துக்கு அது கம்மி, ரெண்டாவது வாரக் கடைசில வசூல் கிட்டத்தட்ட 69 சதவீதம் விழுந்துச்சு. "விமர்சகர்கள்தான் வேணும்னு கெடுத்தாங்க"னு அந்தப் படத்தோட ரசிகர்கள் இன்னிக்கும் சொல்வாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. முதல் வாரம் பார்த்தவங்க பக்கத்துல இருக்கறவங்களை கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போகலைங்கறதுதான் அந்தச் சரிவு சொல்றது. இருந்தாலும் அந்தப் படத்தை உயிரா நேசிக்கறவங்க இருக்காங்க, அவங்க எழுதின நல்ல கட்டுரைகளை நான் படிச்சிருக்கேன், அவங்க பார்த்தது பொய்னு என்னால சொல்ல முடியாது.

இப்ப உங்களை ரொம்ப வாட்டற விஷயத்துக்கு வரேன், ரெண்டாவது தடவை பார்த்தப்ப குறை மட்டும் தெரிஞ்சது. தம்பி, ரெண்டாவது தடவை நீங்க தனியா போகல, படிச்ச அத்தனை ரிவ்யூவையும் கூட்டிகிட்டுப் போயிருக்கீங்க. கதை எப்படிப் போகும்னு தெரியும், எந்த சீன்ல எவர் என்ன சொன்னார்னும் ஞாபகம் இருக்கு, அப்ப கண்ணு படத்தைப் பார்க்காம அவங்க சொன்னது சரியானு டிக் அடிச்சுகிட்டே வரும். இது உங்க பலவீனம் இல்ல, மனுஷங்க எல்லாருமே இப்படித்தான். 2006ல சயின்ஸ் இதழ்ல சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. 14 ஆயிரத்துக்கும் அதிகமான பேர், யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களோட 48 பாட்டு. ஒரு கூட்டத்துக்கு பாட்டு மட்டும் குடுத்தாங்க, மத்த எட்டு கூட்டத்துக்கு அவங்கவங்க கூட்டத்துல எத்தனை பேர் எந்தப் பாட்டை டவுன்லோட் பண்ணினாங்கனும் காட்டினாங்க. எண்ணிக்கை தெரிஞ்ச கூட்டங்கள்ல ஹிட்டான பாட்டு இன்னும் ஹிட்டாச்சு, ஓடாத பாட்டு இன்னும் அடில போச்சு, அதை விட முக்கியம், ஒரு கூட்டத்துல மேல வந்த பாட்டு இன்னொரு கூட்டத்துல மேல வரணும்னு இல்ல. ரொம்ப நல்ல பாட்டு மோசமா போறது அபூர்வம், ரொம்ப மோசமான பாட்டு மேல வர்றதும் அபூர்வம், இதுக்கு நடுவுல இருக்கற எதுவும் எங்க வேணும்னாலும் போய் நிக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு எண்ணிக்கையைப் பார்த்ததுக்கே இந்த ஆட்டம்னா, நீங்க படிச்சது வாதம், கிண்டல், திட்டு எல்லாம் சேர்ந்தது.

அதனால முதல் தடவை பார்த்தது பொய் இல்ல. ரெண்டாவது தடவை பார்த்த குறைகளும் பொய் இல்ல, அதையும் தூக்கிப் போட வேண்டாம். எதெல்லாம் நீங்களா கண்டுபிடிச்ச குறை, எதெல்லாம் இரவல் குறைனு மட்டும் பிரிச்சுப் பாருங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு, அந்தக் குறையை எந்த சீன்ல எப்படி உணர்ந்தீங்கனு உங்க சொந்த வார்த்தையில ரெண்டு வரி எழுத வருதானு பாருங்க. "திரைக்கதையில தொய்வு", "எமோஷனல் கனெக்ட் இல்ல" இந்த மாதிரி ரெடிமேட் வாக்கியம் மட்டும்தான் வருதுன்னா அது உங்களோடது கிடையாது. இனிமே புதுப் படம் பார்த்தா எந்த ரிவ்யூவையும் திறக்கறதுக்கு முன்னாடி ஃபோன்லயே நாலஞ்சு வரி எழுதி வெச்சுடுங்க, எந்த சீன்ல நிமிர்ந்து உட்கார்ந்தீங்க, எந்த சீன்ல மணி பார்த்தீங்கனு. நான் இன்னிக்கும் இருட்டுல கிறுக்கற நோட்ல அதைத்தான் எழுதறேன்.

யாரை நம்புறதுனு கேட்டீங்க. முதல் நாளுக்கு முன்னாடி வர எதையும் தள்ளி வெச்சுப் படிங்க. பெரிய படங்களுக்கு விமர்சனம் எந்த மணிக்கு வெளியிடலாம்னு ஸ்டுடியோ ஒரு தடை நேரம் வெக்கும், அதுக்கும் முன்னாடியே சிறப்புக் காட்சி பார்த்தவங்க சோஷியல் மீடியால ரெண்டு வரி போட அனுமதி குடுப்பாங்க. பிரமாண்ட ஹால், நட்சத்திரங்க எல்லாம் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க, அந்த சூட்டுல எழுதற ரெண்டு வரி கொஞ்சம் இனிப்பாத்தான் இருக்கும். 2020 டிசம்பர்ல 'வொண்டர் வுமன் 1984' வந்தப்ப முதல் விமர்சனங்கள்ல ராட்டன் டொமேட்டோஸ் ஸ்கோர் 80க்கு மேல இருந்தது, படம் எல்லாருக்கும் வந்து சில வாரத்துலயே 60 பக்கமா இறங்கிடுச்சு. யாரும் காசு வாங்கலை, முதல்ல எழுதினவங்க ஒரு வகை ஆளுங்க, அப்புறம் எழுதினவங்க இன்னொரு வகை, அவ்வளவுதான். ரசிகர் ஸ்கோரையும் அப்படியே நம்ப முடியாது, படம் வராமலேயே கும்பலா வந்து குத்தறது நடந்ததாலதான் 2019ல அந்த தளம் ரிலீஸுக்கு முன்னாடி கருத்து போடறதை நிறுத்தி, டிக்கெட் வாங்கினது உறுதியானவங்க மார்க்கைத் தனியா காட்ட ஆரம்பிச்சுது.

நம்பரை விட்டுட்டு ஆளைப் பிடிங்க. ரெண்டு மூணு விமர்சகர் போதும், அதுல ஒருத்தராவது உங்களோட அடிக்கடி முரண்படறவரா இருக்கட்டும். அவர் எழுதினதை ஒரு வருஷம் படிச்சீங்கன்னா அவருக்கு என்ன பிடிக்கும், எது அலர்ஜினு தெரிஞ்சுடும், அப்புறம் அவர் "ரொம்ப மெதுவா போகுது"னு திட்டினா உங்களுக்கு அது டிக்கெட் புக் பண்ணச் சொல்ற தகவல். ஒரு நல்ல விமர்சனம் நீங்க பார்த்த சீனையே திரும்ப உங்க கண்ணு முன்னாடி கொண்டு வரும், அப்புறம்தான் அதைப் பத்தி பேசும். படத்துல இருந்து ஒரு சீன் கூட சொல்லாம தீர்ப்பு மட்டும் எழுதறவர் பாராட்டினாலும் திட்டினாலும் எனக்குப் பிரயோஜனம் இல்ல, அவர் எவ்வளவு பிரபலமா இருந்தாலும் சரி.

இப்ப அந்த போஸ்ட். டெலிட் பண்ணினா உங்க ஃப்ரெண்ட்ஸ் ஜெயிச்சாங்கங்கறது கூட பெரிய விஷயம் இல்ல, அடுத்த தடவை ஒரு படம் உங்களைத் தொட்டா உடனே எழுதறதுக்குக் கை வராது, ஸ்கோர் வரட்டும்னு காத்திருப்பீங்க, அந்தப் பழக்கம் ஒட்டிகிச்சுன்னா விடவே விடாது, பத்திரிகைல எழுதறவங்கள்லயே அப்படி காத்திருந்து எழுதறவங்களை எனக்குத் தெரியும், அவங்க எழுதறதுல உயிரே இருக்காது. அதனால அப்படியே விடுங்க, கீழ சேர்த்து எழுதுங்க. "பெஸ்ட்"ங்கற ஒரே வார்த்தையோட நிறுத்தாம அந்த வாய்ஸ் மெசேஜ் சீனை எழுதுங்க, எனக்கு எழுதின மாதிரியே எழுதுங்க, நல்லா எழுதியிருந்தீங்க. அதுக்கு அடுத்து கிளைமாக்ஸ் உங்களை ஏன் தொடலைனு நேர்மையா நாலு வரி. துக்கத்துல முடங்கிக் கிடந்த ஆள் எழுந்து வர்றதுக்கு அந்தப் புகை மண்டல சண்டை தேவையா இருந்ததா, இல்ல வேற ஏதாவது சின்னதா ஒண்ணு போதுமா இருந்திருக்குமானு நீங்களே யோசிங்க, அந்தக் கேள்வியை ரெண்டு விமர்சகர்ல யாருமே கேக்கல. ஃப்ரெண்ட்ஸ் திரும்ப 55னு ஆரம்பிச்சா, "சரிடா, உனக்கு எந்த சீன் பிடிக்கல?"னு மட்டும் கேளுங்க, சீனைச் சொன்னாங்கன்னா உட்கார்ந்து பேசுங்க, விடிய விடிய பேசலாம் அந்தப் படத்தைப் பத்தி.

மூணாவது தடவை இப்ப போகாதீங்க, ஒரு ஆறு மாசம் போகட்டும். சேர்த்து எழுதினதும் அந்த போஸ்ட்டை எனக்கு அனுப்பி வைங்க, கிளைமாக்ஸ் பத்தி நீங்க என்ன சொல்றீங்கனு படிக்கணும்.